எழுந்து நின்று வாசித்த பெயர்

எங்கள் ஆபீஸ் விதிமுறையில் ஒரு வரி இருக்கிறது. ‘சரிபார்ப்பு முடியவில்லை என்ற காரணத்துக்காக ஒரு பெயரை நிறுத்துவதற்கு முன், பதிவுதாரருடன் அவருக்குத் தெரிந்த மொழியில் ஒருமுறை பேசவும்.’ அவ்வளவுதான். அந்த வரியை எடுத்துவிடப் போகிறார்களாம்.

யாஸ்மின் போன் பண்ணிச் சொன்னாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள்தான். “மேடம், இனிமே எல்லாம் மெஷினே பாத்துக்கும். மெயில் போகும், எஸ்.எம்.எஸ். போகும், பதில் வரலைன்னா பேர் தானா நின்னுடும். இந்த போன் பேசற வரி மட்டும் நடுவுல இடிக்குது. யார் சேத்தாங்க, எதுக்குச் சேத்தாங்கன்னு இங்க ஒருத்தருக்கும் தெரியல. உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டாள்.

தெரியுமாவா! எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவள்மேல் இல்லை, பாவம், அவளாவது கேட்டாளே. “எழுதி அனுப்பறேன். படிச்சிட்டு அப்புறம் என்ன வேணா பண்ணுங்க” என்று வைத்துவிட்டேன். உத்திரமேரூரில் கரண்ட் போவதும் வருவதுமாக இருக்கிறது. வரும்போதெல்லாம் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

வெளியாட்களும் படிப்பார்கள் என்பதால் வேலை என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த ஊரில் என்னைக் கேட்பவர்களுக்கு இன்றுவரை என்னால் ஒழுங்காகச் சொல்ல முடிந்ததில்லை. கம்ப்யூட்டர் வேலை என்று சொன்னால், “எங்க வூட்டு பிரிண்டர் ஓடல, வந்து பாக்கறியாம்மா?” என்கிறார்கள்.

இணையத்தில் ஒவ்வொரு நாட்டுக்கும் ரெண்டெழுத்தில் ஒரு வால் உண்டு. பெயருக்குப் பின்னால் புள்ளி வைத்து வருமே, அதுதான். நம் நாட்டு வால் ஒட்டிய பெயர்கள் எத்தனை உண்டோ அத்தனையும், எந்தப் பெயர் எங்கே இருக்கிறது, யார் வைத்திருக்கிறார்கள் என்ற விவரத்தோடு, ஒரே இடத்தில் பதிவாகியிருக்கும். அந்த இடம் டெல்லியில் இருக்கிற எங்கள் ஆபீஸ். உலகத்தில் எந்த மூலையில் யார் அந்தப் பெயரைத் தட்டினாலும், அது எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டர் கடைசியில் எங்களிடம் வந்துதான் கேட்கும். நாங்கள் நேராக யாருக்கும் பெயர் கொடுப்பதில்லை. முகவர் கம்பெனிகள் கொடுக்கும், நாங்கள் பதிவோம். முதலில் கேட்டவருக்கு முதலில். கேட்பவர் மந்திரியா மளிகைக்கடைக்காரரா என்று பார்க்க மாட்டோம். சில பெயர்களை மட்டும் நாடு தனக்கென்று ஒதுக்கி வைத்திருக்கும். ஒரே பெயருக்கு ரெண்டு பேர் மல்லுக்கு நின்றால் நடுவரிடம் அனுப்புவோம். காலாகாலத்தில் புதுப்பிக்காவிட்டால் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, பெயரை விட்டுவிடுவோம். விட்ட அந்த நொடியில் அதைக் கவ்விக்கொண்டு போக ஆட்கள் காத்துக்கொண்டிருப்பார்கள்.

நான் காஞ்சிபுரத்தில் கணக்குப் படித்து, அரசாங்கக் கம்ப்யூட்டர் பிரிவில் சேர்ந்து, சென்னையில் சில வருஷம் குப்பை கொட்டி, பதிவகம் தொடங்கியபோது டெல்லிக்குத் தூக்கியடிக்கப்பட்டவள். இந்தியை மெட்ரோவிலும் காய்கறிக்காரரிடமும் திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டேன். மற்றபடி பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எல்லோரையும் போல முழித்தேன், எல்லோரையும் போலக் கற்றுக்கொண்டேன்.

கற்றுக்கொண்டதில் பாதி பானர்ஜி சார் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் வந்தது. அவர் எங்கள் பிரிவின் தலைவர், என்னைவிடக் கொஞ்சம்தான் பெரியவர். மெலிந்த உடம்பு, குரல் அதைவிட மெலிசு. கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும். பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்தால்தான் திட்டு வாங்குகிறோம் என்பதே தெரியும். சர்க்கரை இல்லாத டீயை ஆறவிட்டுக் குடிப்பார். அந்த டீயைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும்.

அவரிடம் யாராவது ‘பெயரின் சொந்தக்காரர்’ என்று சொல்லிவிட்டால் தொலைந்தார்கள். “சொந்தக்காரர் என்று ஒருவர் கிடையாது. அவர் பதிவுதாரர். பெயரைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பயன்படுத்தும் உரிமை அவருக்கு இருக்கிறது, அவ்வளவுதான்” என்பார். பதிவில் பதிவுதாரர் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அது எதற்கு என்று புதிதாக வந்தவர்களைக் கேட்பார். யாருடையது என்று தெரிந்துகொள்ள என்று அவர்கள் சொல்வார்கள். அவர் தலையாட்டி மறுப்பார். “நாளைக்கு இந்தப் பெயரை வைத்து யாராவது ஒரு ஏழையை ஏமாற்றினால், நாம் யாரைக் கூப்பிடுவோம்? யார் பதில் சொல்வார்கள்? அதற்குத்தான் இந்தக் கட்டம்.” எந்தக் கோப்பு போனாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். யார் பதில் சொல்வார்கள்?

இன்னொரு பழக்கம் உண்டு. இதைச் சொன்னால் இப்போதைய பிள்ளைகள் சிரிப்பார்கள், அப்போதும் சிரித்தார்கள். ஒரு பெயரை, அதன் தளம் யாருக்கும் திறக்காதபடி நிறுத்துவதானாலும், பதிவிலிருந்து ஒரு ஆளின் பெயரை எடுப்பதானாலும், கடைசிப் பொத்தானை அழுத்தும்முன் அவர் எழுந்து நிற்பார். திரையைப் பார்த்து அந்தப் பெயரை ஒருமுறை வாய்விட்டு வாசிப்பார். மோசடிக்காரன் பெயராக இருந்தாலும் அப்படித்தான். பிறகுதான் “செய்யுங்கள்” என்பார். உட்கார்ந்துகொண்டு அவர் ஒரு பெயரை எடுத்து நான் பார்த்ததில்லை.

ஒருநாள் வாய் சும்மா இருக்காமல் கேட்டுவிட்டேன். “ஏன் சார் இந்த சர்க்கஸ்?”

அவருக்குக் கோபம் வரவில்லை. “கோமதி, இந்தப் பெயரை வைத்தபோது ஒருவர் முதலில் வாயால் சொல்லிப் பார்த்திருப்பார். நன்றாக இருக்கிறதா என்று பக்கத்தில் இருந்தவரையும் கேட்டிருப்பார். எடுக்கும்போதும் ஒருவர் சொல்ல வேண்டாமா?” என்றார். எனக்கு அப்போது அது கொஞ்சம் அதிகப்படியாகத்தான் பட்டது. ஆனாலும் அடுத்தநாளிலிருந்து அவர் எழுந்தால் நானும் எழுந்துகொண்டேன்.

பிறகு சரிபார்ப்பு விதி வந்தது. நம் வால் ஒட்டிய பெயர்களை வைத்து வேலை வாங்கித் தருகிறேன், லாட்டரி விழுந்திருக்கிறது என்று மோசடி பெருகிவிட்ட நேரம். போலீஸ் கேட்டால் பதிவில் இருப்பது பொய்ப் பெயராக இருக்கும். விதி எப்படி உருவாகும் என்றால், முதலில் ஒரு வரைவு எழுதி இணையத்தில் போடுவோம். முகவர்கள், போலீஸ்காரர்கள், வங்கிக்காரர்கள், பொதுமக்கள் என்று யார் வேண்டுமானாலும் கருத்து எழுதலாம். பிறகு கமிட்டி கூடும். நான் குறிப்பெடுக்க உட்காருவேன். முகவர்கள், “வாடிக்கையாளர் ஓடிவிடுவார்கள்” என்றார்கள். போலீஸ்காரர்கள், “உடனே வேண்டும்” என்றார்கள். கடைசியில், புதுப் பெயருக்கும் பழைய பெயருக்கும் பதிவுதாரர் அடையாளச் சான்று காட்ட வேண்டும், காட்டாவிட்டால் பெயரை நிறுத்தலாம் என்று முடிவானது. எனக்கு அது நியாயமாகவே பட்டது. இன்றைக்கும் அந்த விதியை நான் குறை சொல்ல மாட்டேன்.

முகவர்கள் மெயில் அனுப்பிப் பதில் வராத பெயர்கள் எங்களிடம் வந்து குவிந்தன. நிறுத்துவதற்கு முன் போனில் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று அப்போது விதி எதுவும் இல்லை. பானர்ஜி சார் சொன்னார், நாங்கள் கூப்பிட்டோம். தமிழ்நாட்டு நம்பரென்றால் என் மேஜைக்கு வரும்.

அப்படி வந்த ஒன்றைத்தான் சொல்ல வந்தேன். அந்த இணையப் பெயரை நான் இங்கே எழுத மாட்டேன். பதிவில் இருப்பதை வெளியே சொல்ல இன்னும் எனக்கு வாய் வராது. ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். நடவுக்கும் களை பறிக்கவும் ஆள் தேடுகிறவர்களுக்கான தளம் அது. எந்த ஊரில் எந்தப் பெண்கள் செட்டு என்றைக்குச் சும்மா இருக்கிறார்கள், அவர்களில் யாரிடம் பேச வேண்டும் என்று அதில் இருக்கும். நடுவில் தரகர் கிடையாது. பதிவுதாரர் அருள்தாஸ். ஊர் காவாந்தண்டலத்துக்கு அந்தண்டை. நான் பிறந்த ஊரிலிருந்து சைக்கிளில் போய்விட்டு வரலாம்.

நம்பரைப் போட்டேன். வயதான குரல் எடுத்தது.

“அலோ, யாரு?”

“அருள்தாஸ் இருக்காருங்களா?” பதிவுதாரரைப் பெயர் சொல்லித்தான் கேட்க வேண்டும், அது முறை.

“அவன் வெளிய போயிக்கிறான். இன்னா விசயம்?”

எப்போது வருவார் என்று கேட்டேன். தெரியவில்லை, நாளைக்குக் கூப்பிடு என்றார். மறுநாள் கூப்பிட்டேன். “இன்னும் வரலம்மா. நீ சொல்லு, நான் அவங்கிட்ட சொல்லிக்கிறேன்.” அதற்கடுத்த நாளும் அதே பதில். டெல்லியில் பிறந்து வளர்ந்தவர் யாராவது பேசியிருந்தால், ஆள் டிமிக்கி கொடுக்கிறான் என்று எழுதிவிட்டுப் பெயரை நிறுத்தியிருப்பார்கள். நான் அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவள். எங்கள் பக்கத்தில் செத்துப்போனவரைத் தேடி கவர்ன்மென்ட் ஆள் வந்தால், ‘வெளியே போயிருக்கிறார்’ என்றுதான் சொல்வார்கள். செத்துவிட்டார் என்று வாயால் சொல்லிவிட்டால் ரேஷன் கார்டில் பெயரை அடிப்பார்கள், ஏதாவது ஒரு சலுகையை நிறுத்துவார்கள், அலைய விடுவார்கள். அந்தப் பயம்.

குரலைத் தணித்துக்கொண்டு கேட்டேன். “அண்ணே, அருள் எப்ப தவறிப்போனாரு?”

இந்தமுறை மறைக்காமல் சொன்னார். “ஆச்சும்மா, ரெண்டு கிறிஸ்மஸ் போயிடுச்சி. ஒரகடம் கம்பெனில ஷிப்ட் முடிச்சிக்கினு வண்டியில வந்தான். லாரிக்காரன் அடிச்சிப்புட்டான். நான் அவன் நைனாம்மா. சவரிமுத்து.”

“அப்ப இத்தினி நாளா யாரு இதப் புதுப்பிச்சிக்கினு வந்தது?” ஊர்ப் பேச்சு என்னையறியாமல் வாயில் வந்துவிட்டது.

“எம் பொண்ணு ஸ்டெல்லா. வாலாஜாவுல குடுத்துக்கீது. அதான் கம்ப்யூட்டர்ல செய்யும். அவன் போனுக்கு ஒரு நெம்பரு வரும் பாரு, அத நான் ஸ்டெல்லாவுக்குப் படிச்சிச் சொல்லுவேன். எனக்கு எழுத்து வராது. நெம்பரு மட்டும் படிப்பேன். அதுக்குன்னே அவன் சிம்ம உயிரோட வெச்சிக்கிறேன்.”

அன்று சாயந்திரம் பானர்ஜி சாரிடம் போனேன். முதலில் சொல்ல வேண்டியதை முதலில் சொன்னேன். “சார், இவர் எங்கள் ஊர்ப் பக்கம். எங்களுக்கு நிலம் உண்டு. அவர்கள் வீட்டு ஜனங்கள் எங்கள் நிலத்தில் நடவு நட்டிருக்கலாம்.” ஊர்க்காரர் கோப்பை ஊர்க்காரர் தொடக்கூடாது என்பது எங்கள் ஆபீஸ் வழக்கம்.

அவர் யோசித்தார். “நீங்கள் யார் வீட்டுப் பெண் என்று அவருக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“சொல்லாதீர்கள். சொன்னால் நீங்கள் எதைக் கேட்டாலும் அவர் சரி என்பார். முடிவு என்னுடையது. மொழி உங்களிடம் இருக்கிறது, அதனால் பேசுவது நீங்கள்.” பிறகு வழக்கமான கேள்வி. “யார் பதில் சொல்வார்கள்?”

பதிவுதாரர் இறந்துவிட்டால் என்ன செய்வது என்பதற்கு முறை இருந்தது. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம். இவை வந்தால் பதிவுதாரர் கட்டத்தில் வாரிசின் பெயரைப் போடுவோம். சவரிமுத்துவிடம் இந்தக் காகிதங்கள் எல்லாமே இருந்தன. விபத்து நஷ்ட ஈட்டுக்காக ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தார்கள். ஒருநாள் வேலைதான், முடிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டு மறுநாள் கூப்பிட்டேன்.

“அண்ணே, அந்த சர்டிபிகேட்டெல்லாம் ஸ்டெல்லாவ விட்டு அனுப்பச் சொல்லுங்க. உங்க பேருக்கு மாத்திக் குடுத்துடறோம்.”

“என் பேருக்கா? அவன் பேரு?”

“அது எடுத்துடுவாங்க.”

“வேணாம்” என்றார்.

எனக்குப் புரியவில்லை. மறுபடி விளக்கினேன். பெயர் நின்றுவிடும், தளம் திறக்காது, நவரைப் பட்டத்து நடவு தொடங்குகிற நேரம், அதை நம்பியிருக்கிற பொம்பளைகளுக்கு வேலை கிடைக்காது என்றேன். எல்லாம் தெரியும் என்றார். பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். என்னால் அதை மறக்க முடியவில்லை.

“இன்னாம்மா நீ, வெவரம் புரியாமப் பேசறியே. எங்க வம்சத்துல யாரு பேர்லயும் ஒரு செண்டு நெலம் கெடையாது. எங்கப்பன் நட்டான், நான் ஏர் ஓட்டனேன், எம் பொண்டாட்டி நட்டா, எல்லாம் ஊரான் நெலம். நாங்க இருக்கிற வூடு கூட பொறம்போக்கு. அருளு இதப் பதிஞ்ச அன்னிக்கி எங்கிட்ட வந்து சொன்னான். ‘நைனா, கெவுர்மென்ட்டு கம்ப்யூட்டர்ல நம்ம பேர்ல ஒண்ணு ஏறிடுச்சி, உலகத்துல எவனும் இத எடுக்க முடியாது’ன்னான். எங்களுக்குப் பட்டான்னு ஒண்ணு இருந்திச்சின்னா அது அதான். அதுல அவன் பேர அடிக்கறதுக்கு நானே காயிதம் குடுக்கணுமா?”

அது சொத்து இல்லை, பட்டா இல்லை, பயன்படுத்தும் உரிமைதான், காலம் முடிந்தால் போய்விடும் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஆபீஸ் அப்படித்தான் சொல்லச் சொல்லியிருக்கிறது. நான் சொல்லவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. எங்கள் ஏரிக்கீழ் நிலத்தின் பட்டா அப்போதும் என் அப்பா பெயரில்தான் இருந்தது. அவர் போய் எத்தனையோ வருஷம். அம்மா போனாள், நாங்கள் மாற்றவில்லை. தாலுகா ஆபீஸில் ஒருத்தரும் எங்களைக் கூப்பிட்டுக் கேட்டதில்லை. அப்பா பெயரிலேயே வரி கட்டினோம், அப்பா பெயரிலேயே விளைந்தது.

பானர்ஜி சாரிடம் போய்க் கொட்டினேன். “சார், விட்டுவிடலாமே! எத்தனையோ ஆயிரம் பெயர்களில் இது ஒன்று. அந்தப் பையன் பெயர் இருந்துவிட்டுப் போகட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம்?”

அவர் குரல் இறங்கியது. பக்கத்தில் போய்க் கேட்டேன். “அந்த சிம்முக்கு ஒருமுறை பணம் போட மறந்தால் என்ன ஆகும்? கம்பெனி அந்த நம்பரை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடும். புதுப்பிக்கும்போது வருகிற ரகசிய எண் அவருக்குப் போகும். அவர் நினைத்தால் பெயரைத் தன்னுடையதாக்கிக்கொள்ளலாம். அந்தப் பெண்களின் போன் நம்பரெல்லாம் அதில் இருக்கிறது என்கிறீர்கள். அவர்களை ஒருவன் ஏமாற்றினால் நாம் யாரைக் கூப்பிடுவது? இறந்துபோனவனையா? அந்தத் தகப்பன் பையனின் பெயரைக் காப்பாற்றுகிறார் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அவர் அதைக் கதவு திறந்த வீட்டில் வைத்திருக்கிறார்.”

எனக்கு அவர்மேல் எரிச்சலாக வந்தது. ஆனால் அவர் சொன்னதில் தப்பில்லை. ஆறிப்போன டீயைக் குடித்து முடித்தார். பிறகு பதிவைத் திறக்கச் சொன்னார். பதிவுதாரர் கட்டத்துக்குக் கீழே இருக்கிற வரியைக் காட்டினார். பதிந்த தேதி.

ஆபீஸில் இருக்கிற எங்களுக்கு அது தெரிந்த விஷயம்தான். ஒரு பெயர் கைமாறினால் பதிவுதாரர் மாறுவார், முகவரி மாறும், போன் மாறும். முதன்முதலில் பதிந்த தேதி மட்டும் மாறாது. ஆனால் பெயரை விட்டுவிட்டு, வேறு ஒருவர் புதிதாகப் பதிந்தால், அந்தத் தேதி அழிந்து புதுத் தேதி விழும். தினமும் அந்த வரியைப் பார்க்கிறவள் நான். அதை ஒரு ஆளுக்குச் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

“அவரிடம் இதைச் சொல்லுங்கள். வற்புறுத்த வேண்டாம். முடியாது என்று சொன்னால் வெள்ளிக்கிழமை நிறுத்துவோம்” என்றார் பானர்ஜி சார்.

கூப்பிட்டேன். சிம் விஷயத்தை முதலில் சொன்னேன். அது அவருக்கு உடனே புரிந்தது. “அட கெரகமே! அப்பிடி வேற பேஜாரு கீதா?” என்றார். பிறகு தேதியைப் பற்றிச் சொன்னேன்.

“அண்ணே, நீங்க உங்க பேருக்கு மாத்திக்கினா அருள் பேரு போயிடும். அத நான் மறைக்கல. ஆனா அவரு பதிஞ்சாரே, அந்தத் தேதி அப்பிடியே நிக்கும். நீங்க விட்டுப்புட்டா அதுவும் போயிடும், எவனோ ஒருத்தன் தேதி விழும். பேரு போடற கட்டத்துல நாங்க யாரு சொந்தம்னு கேக்கல. இதுக்கு யாரு பதில் சொல்றதுன்னுதான் கேக்கறோம்.”

அவருக்குப் பின்னால் ஒரு ஆடு கத்தியது.

“அவன் போன நாள்லருந்து அவனுக்கு நான்தாம்மா பதில் சொல்லிக்கினு கீறேன்” என்றார். “கேக்கறவங்களுக்கெல்லாம் வெளிய போயிக்கிறான், வெளிய போயிக்கிறான்னு. எனக்கும் வாய் வலிக்குது.”

ரெண்டு நாளில் ஸ்டெல்லா காகிதங்களை அனுப்பிவிட்டாள். சவரிமுத்து ஒன்றே ஒன்று கேட்டார். பெயரை அடிக்கிறபோது தனக்குச் சொல்ல வேண்டும். அதற்கு விதியில் இடமும் இல்லை, தடையும் இல்லை. பானர்ஜி சார் போனை மேஜைமேல் வைத்து ஸ்பீக்கரைப் போடச் சொன்னார்.

எழுந்து நின்றார். நானும் நின்றேன். இதைப் பார்த்து வழக்கமாகச் சிரிக்கிற பிள்ளைகள் ரெண்டு பேர் அன்றைக்கு அறையில் இருந்தார்கள், அவர்களும் எழுந்தார்கள். பெயரை முதல்நாளே என்னிடம் நாலைந்து முறை சொல்லச் சொல்லிப் பழகியிருந்தார் சார். தெளிவாக வாசித்தார்.

“சவரிமுத்து மகன் அருள்தாஸ்.”

“கேக்குது சார்” என்றது போன்.

நான் அந்தப் பெயரை எடுத்தேன். புதுப் பெயரைப் போட்டேன். அதையும் அவர் வாசித்தார். “சவரிமுத்து.”

“நான்தான் சார். நான் பதில் சொல்றேன்” என்றார் அவர். நான் அதை மொழிபெயர்க்க வாயெடுத்தேன். பானர்ஜி சார் வேண்டாம் என்று கையமர்த்தினார். அவருக்கு ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. ஆனாலும் புரிந்துகொண்டார் என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் அவர்தான் அந்த வரியைக் கொண்டுவந்தார். எத்தனை ஆள் வேண்டும், எத்தனை மொழி வேண்டும் என்று முகவர்கள் குதித்தார்கள். சவரிமுத்துவைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பதிவுதாரர் விவகாரத்தைச் சபையில் வைக்கக்கூடாது என்பது அவர் கட்சி. “மெயிலுக்குப் பதில் வராதது குற்றம் இல்லை” என்று மட்டும் திருப்பித் திருப்பிச் சொல்லி, அந்த வரியை உள்ளே நுழைத்துவிட்டார். அதனால்தான் யாஸ்மின், அது எப்படி வந்தது என்று உங்கள் கோப்பு எதிலும் இல்லை.

ஓய்வு பெற்று ஊருக்கு வந்தபின் சவரிமுத்துவைப் பார்க்கப் போனேன். காலனியில் கடைசி வீடு. ஓட்டு வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். டெல்லியிலிருந்து பேசின பொம்பளை என்று சொன்னதும் முகம் மலர்ந்துபோனது. “நீயாம்மா அது! வா வா, உக்காரு. எம்மாந் தூரத்துலருந்து வந்துக்கிற!” ஸ்டெல்லாவுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது, பெயர் அருள் என்றார். அந்த போனும் சிம்மும் இன்னும் இருக்கிறது, எஸ்.எம்.எஸ். என்னென்னவோ வருகிறது, நம்பர் இருந்தால் மட்டும் படிப்பேன் என்றார். பிறகு கேட்டார். “ஆமா, நீ எந்த ஊரும்மா? பேச்சு நம்ம பக்கத்துப் பேச்சா கீதே?”

இனி மறைக்க ஆபீஸ் இல்லை. ஏரிக்கீழ் கோவிந்தசாமி மகள் என்று சொன்னேன்.

“கோயிந்தசாமி ஆண்டை வூட்டுப் பொண்ணா?” என்று எழுந்து நின்றுவிட்டார். அந்த வயதில், நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு, இடுப்புத் துண்டைச் சரிசெய்துகொண்டு. “தெரியாம நீ வா போன்னு பேசிக்கினு இருந்துட்டேங்க.”

எனக்குச் செத்துப்போகலாம் போல இருந்தது. “உக்காருங்கண்ணே, உக்காருங்க” என்று கையைப் பிடித்துக் கெஞ்சினேன். உட்கார்ந்தார். ஆனால் அதற்குப் பிறகு நான் கிளம்பும்வரை என்னை ‘நீங்க’ என்றுதான் சொன்னார்.

மறுநாள் காலை நிலப் பட்டாவை எடுத்துக்கொண்டு, என் தம்பியையும் இழுத்துக்கொண்டு தாலுகா ஆபீஸ் பக்கத்து இ-சேவை மையத்துக்குப் போனேன். “இப்ப இன்னாக்கா அவசரம்? நம்மள யாரு கேக்கப் போறாங்க?” என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு வந்தான். யாரும் கேட்க மாட்டார்கள் என்பதற்காகத்தான் போகிறேன் என்றேன். அவனுக்குப் புரியவில்லை. கவுண்டர் முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்தோம். அங்கிருந்த பெண், அப்பாவின் இறப்புச் சான்றிதழைக் கேட்டாள். நீட்டினேன். அவள் அந்தப் பக்கம் இழுக்கிறாள், என் விரல் விடமாட்டேன் என்கிறது. “மேடம், குடுங்க” என்றாள். சவரிமுத்து விஷயத்தில் ஒருநாள் வேலைதான் என்று நினைத்தேனே, அந்த ஞாபகம் வந்தது.

“இதுல அப்பா பேர எடுத்துட்டு உங்க ரெண்டு பேர் பேரப் போடணும், அதான மேடம்?”

“இரும்மா” என்று எழுந்து நின்றேன். வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தம்பி, “அக்கா, இன்னா பண்ற?” என்று முந்தானையை இழுத்தான். நான் வாய்விட்டு வாசித்தேன். ஏகாம்பரம் மகன் கோவிந்தசாமி. தம்பியும் மெதுவாக எழுந்தான்.

யாஸ்மின், நீ கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான். உங்கள் மெஷின் அனுப்பும் எஸ்.எம்.எஸ். அடுத்த சரிபார்ப்பில் ஓட்டு வீட்டு வாசலில் இருக்கிற ஒரு போனுக்குப் போகும். அதில் நம்பர் இல்லாவிட்டால் அவரால் படிக்க முடியாது. இதைத் தெரிந்துகொண்டும் அந்த வரியை எடுப்பதென்று கமிட்டி முடிவு செய்தால், எடுத்துக்கொள்ளுங்கள், எனக்கு அதில் சொல்ல உரிமை இல்லை. எடுக்கும் முன் எல்லோரும் எழுந்து நின்று, ஒருவராவது அதைச் சத்தமாக ஒருமுறை வாசித்துவிடுங்கள்.